கட்டம் சேரவில்லை, ஓரம் நெளிகிறது, சாயம் ஓடிவிட்டது: துண்டுத் துணிப் போர்வையின் கோளாறுகளும் சரிசெய்யும் வழிகளும்

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வையில் ஒரு வம்பு உண்டு. கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது உள்ளே நுழைந்த இடம் வேறு. பார்டர் நெளிந்தால் பார்டரைப் பிரிக்கத்தான் கை போகும். ஆனால் அந்த நெளிவு பெரும்பாலும் துணியை வெட்டும்போதோ இஸ்திரி போடும்போதோ வந்திருக்கும். அடித்துணியில் மடிப்பு விழுந்தால் மிஷின் மீது பழி போடுவோம். மூன்று அடுக்கையும் தரையில் விரித்த நேரத்திலேயே அது விழுந்திருக்கும். அதனால் தையல் பிரிப்பானை எடுக்கும் முன் ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். பாதிப் பிரிப்பு வேலை மிச்சமாகும்.

மேலே தெரியும் ஒட்டுத் துணியை மேல்துணி என்றும், நடுவில் வரும் பஞ்சு விரிப்பை பேட்டிங் என்றும், கீழே வருவதை அடித்துணி என்றும் சொல்கிறேன். மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் குவில்ட் தையல். ஓரத்தை மூடும் பட்டி பைண்டிங். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒவ்வொரு சதுரமும் ஒரு கட்டம். கட்டங்களைச் சுற்றி மேல்துணியின் ஓரத்தில் வரும் பட்டி பார்டர். கோளாறுகள் வேலை நடக்கும் வரிசையிலேயே இருக்கின்றன. உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் அதற்கு முந்தைய தலைப்பையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கட்டங்கள் ஒரே அளவில் வரவில்லை

எல்லாத் துண்டையும் ஒரே அளவில்தான் வெட்டினீர்கள். தைத்து முடித்த பிறகு ஒரு கட்டம் 12 அங்குலம் இருக்கிறது, இன்னொன்று பதினொன்றே முக்கால்தான் இருக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது தையலுக்கு விடும் அகலத்தை. இந்த வேலையில் ஓரத்திலிருந்து கால் அங்குலம், அதாவது சுமார் 6 மில்லிமீட்டர் விட்டுத் தைப்பதுதான் வழக்கம். உடுப்பு தைத்துப் பழகிய கைக்கு இது ரொம்பக் குறைச்சலாகத் தெரியும், தானாகவே கொஞ்சம் தாராளமாக விட்டுவிடும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். கூடியது இரண்டு பக்கத் துண்டிலிருந்தும் போகிறது, ஆக ஒரு தையலுக்கு 3 மில்லிமீட்டர். ஒரு வரிசையில் 10 துண்டு இருந்தால் 9 தையல், 27 மில்லிமீட்டர் போய்விட்டது. அதாவது ஒரு அங்குலத்துக்கும் மேல். பக்கத்தில் வரும் வரிசையில் பெரிய துண்டுகளாக 5 மட்டும் இருந்தால் அதில் போனது 12 மில்லிமீட்டர்தான். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போது ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாத் தையலும் ஒரே மாதிரி தப்பியிருந்தாலும் கட்டங்கள் சேராமல் போவது இதனால்தான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டி வெட்டி, பக்கவாட்டில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டியை மட்டும் அளந்து பாருங்கள். மிகச் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையல் அதிகம் உள்ளே போகிறது, கூடினால் ஓரத்தை ஒட்டிப் போகிறது. ஸ்கேல் வைத்துக் கால் அங்குலம் பிடித்தும் நடுப் பட்டி குறைகிறது என்றால் குழம்ப வேண்டாம். துணி மடங்கித் திரும்பும் இடத்திலும் ஒன்றிரண்டு இழை அளவு செலவாகும். அதனால் கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகவே தைக்க வேண்டும். ஊசியை ஸ்கேலின் கால் அங்குலக் கோட்டுக்கு ஓர் இழை விளிம்புப் பக்கமாக இறக்கி நிறுத்தி, ஸ்கேலின் விளிம்பை ஒட்டி மிஷின் தட்டில் டேப்பை நாலைந்து அடுக்காக ஒட்டிவிட்டால், துணி இடித்து நிற்க ஒரு சின்ன வரப்பு கிடைக்கும். துணியை நகர்த்தும் பற்களின் மேல் டேப் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல் சரியாக இருந்தும் அளவு குறைந்தால் இஸ்திரியைப் பாருங்கள். கட்டத்தின் நல்ல பக்கத்தைத் திருப்பி, தையல் வரியின் மேல் நகத்தால் கீறுங்கள். துணி ஒரு நூலிழை அளவு மடங்கி அந்த வரிக்குள் ஒளிந்திருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும். பின்பக்கம் மட்டும் இஸ்திரி போடுவதால் வருவது இது. முதலில் தைத்த வரியை அப்படியே ஒருமுறை அழுத்திவிட்டு, அப்புறம் துணியைத் திறந்து நல்ல பக்கத்திலிருந்து அழுத்துங்கள். இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுக்க வேண்டும். சட்டைக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்த்தால் சதுரம் சதுரமாக இருக்காது.

கட்டமெல்லாம் தைத்து முடித்த பிறகுதான் இதைப் படிக்கிறீர்கள் என்றால், இழுத்துப் பிடித்துச் சேர்க்க மட்டும் வேண்டாம். இரண்டு வழி உண்டு. வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் எல்லாவற்றையும் சின்னக் கட்டத்தின் அளவுக்கு வெட்டிவிடலாம். ஓரத்தில் முக்கோண முனை உள்ள கட்டமென்றால் வெட்டக் கூடாது, முனை போய்விடும். அதற்கு ஒவ்வொரு கட்டத்தையும் சுற்றி ஒரே நிறத்தில் ஒரு பட்டி வைத்துத் தைத்து, அதன் பிறகு எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்டுங்கள். பலரிடமிருந்து சேர்ந்த கட்டங்களை ஒன்றாக்கவும் இதுதான் வழி. பார்ப்பவர்களுக்கு அது திட்டமிட்ட அழகாகத்தான் தெரியும்.

மூலைகள் ஒரு புள்ளியில் சந்திக்கவில்லை

நான்கு துண்டு கூடும் இடத்தில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்கிறது. உள்ளே இருக்கும் தையல் மடிப்புகள் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி வழுக்குகிறது. முதல் வரிசையின் மடிப்புகளை வலப்புறமும் அடுத்த வரிசையின் மடிப்புகளை இடப்புறமும் சாய்த்து அழுத்துங்கள். இரண்டு வரிசையையும் முகத்துக்கு முகம் வைத்து, கூடும் இடத்தை இரு விரலுக்கு இடையில் பிடித்து மெல்ல நகர்த்தினால், ஒரு மடிப்பின் மேடு இன்னொன்றின் பள்ளத்தில் போய் உட்காருவது விரலுக்கே தெரியும். அங்கே ஒரு குண்டூசி போதும்.

முக்கோணத்தின் கூர்முனை தையலுக்குள் போய் மொட்டையாகிவிட்டதா? கட்டத்தின் ஓரத்துக்கும் முனைக்கும் நடுவே கால் அங்குலம் இடம் இல்லாமல் போனதே காரணம். இரண்டு சதுரத்தை வைத்துக் குறுக்கே தைத்து வெட்டி எடுக்கும் முக்கோணக் கட்டங்களுக்கு, முடிந்த அளவைவிட முக்கால் அரைக்கால் அங்குலம் கூடுதலாகச் சதுரம் வெட்டச் சொல்வார்கள். நான் சொல்வது: ஒரேயடியாக 1 அங்குலம் கூட்டி வெட்டி, தைத்த பிறகு வேண்டிய அளவுக்கு நறுக்குங்கள். கொஞ்சம் துணி வீண்தான், ஆனால் முனை தப்பிக்கும்.

கட்டம் தட்டையாகப் படியவில்லை, நடுவில் உப்புகிறது

கட்டத்தை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவுங்கள். நடுவில் குமிழ் நகர்ந்துகொண்டே இருந்தால் துணி எங்கேயோ நீண்டிருக்கிறது. நெய்த துணியைப் பாவு வாக்கில் (நீள இழை) இழுத்தால் ஏறக்குறைய அசையாது, ஊடு வாக்கில் (அகல இழை) சற்று இளகும், குறுக்கே இழுத்தால் நன்றாகவே நீளும். தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இந்தக் குறுக்கு வாட்டத்தைத்தான். எந்தத் துண்டு எந்த வாட்டத்தில் வெட்டப்பட்டது என்று துண்டுத் துணிகளில் யாருக்கும் தெரியாது. அங்கேதான் சிக்கல். இரு கையிலும் பிடித்து இரண்டு திசையிலும் இழுத்துப் பார்த்தால் துணியே சொல்லிவிடும். நீளும் ஓரம் கட்டத்தின் வெளிப்பக்கம் வராதபடி வெட்டுங்கள். அப்படி முடியவில்லை என்றால் வெட்டும் முன்பே கஞ்சி போட்டு விறைப்பாக்குங்கள். தைத்த பிறகு போடும் கஞ்சி, நீண்டதை நீண்டபடியே விறைக்கவைக்கும், அவ்வளவுதான்.

பருத்தியோடு பனியன் துணி, வழுக்கும் மெல்லிய துணி எல்லாம் கலந்தால் குமிழ் நிச்சயம். இவற்றின் பின்பக்கம் இஸ்திரியில் ஒட்டும் மெல்லிய கேன்வாஸை ஒட்டி, அதன் பிறகு வெட்டினால் பருத்தி மாதிரியே அடங்கி வரும். துணியின் கெட்டி ஓரத்தையும் (நெசவாலைப் பெயர் அச்சாகி வருமே, அது) வெட்டி ஒதுக்கிவிடுங்கள். அது நெருக்கமாக நெய்தது, துவைத்தால் வேறு மாதிரி சுருங்கும்.

இத்தனை வண்ணம் இருந்தும் கலங்கலாகத் தெரிகிறது

இது தையல் கோளாறு இல்லை, ஆனால் துண்டுத் துணிப் போர்வையில் மனம் வெறுத்துப்போவது இதற்குத்தான் அதிகம். ஒவ்வொரு துண்டும் தனியாக அழகு, சேர்த்தால் சேறு. வண்ணம் தப்பு என்று நினைத்துத் துண்டுகளை மாற்றிக்கொண்டே இருப்போம். பெரும்பாலும் வண்ணத்தில் குற்றம் இல்லை, அதன் வெளுப்பிலும் அழுத்தத்திலும்தான் குற்றம். எல்லாத் துண்டும் நடுத்தரம், வெளுத்ததும் இல்லை, அழுத்தமானதும் இல்லை. அப்படியானால் வடிவம் எழும்பாது, சிவப்பு பச்சை நீலம் எதுவானாலும் சரி.

துண்டுகளைத் தரையில் அடுக்கி, போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நட்சத்திரமோ கட்டமோ அந்தப் படத்தில் தெரிந்தால் சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கிடந்தால் வெளுத்த துண்டுகள் போதவில்லை. இதில் ஏமாறும் இடம் மஞ்சளும் சிவப்பும்தான். பளிச்சென்ற சிவப்பு கண்ணுக்கு முன்னால் துள்ளி நிற்கும், படத்தில் அடர் சாம்பலாக அடங்கிவிடும். மஞ்சள் எவ்வளவு சூடாகத் தெரிந்தாலும் படத்தில் ஏறக்குறைய வெள்ளை. மஞ்சளை அழுத்தமான துண்டின் இடத்தில் வைத்தால் வடிவத்தில் ஓட்டை விழும்.

அடுத்தது பூவேலையின் அளவு. எல்லாத் துணியிலும் நடுத்தரப் பூ என்றால் கண் எங்கேயும் நிற்காது. பொடிப் புள்ளி, பெரிய பூ, கோடு, ஒன்றுமில்லாத வெறும் துணி எல்லாம் கலந்து வரட்டும். பெரிய பூ போட்ட துணியைச் சின்னத் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டில் இதழும் மற்றொன்றில் வெறும் பின்னணியும் வரும், ஒரே துணி இரண்டு துணி மாதிரி நடந்துகொள்ளும். அதைத் தெரிந்தே பயன்படுத்தலாம், தெரியாமல் நடந்தால்தான் கலங்கல்.

ஏற்கெனவே கட்டங்கள் தயார், எதையும் மாற்ற மனமில்லை என்றால்? ஒரே வெறும் துணியில் பட்டிகள் வெட்டி, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வைத்துத் தையுங்கள். வெள்ளை, சாம்பல், கருநீலம், எது உங்கள் குவியலில் குறைவாக இருக்கிறதோ அது. ஒரே நிறம் போர்வை முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தால் மீதி ஐம்பது துணியும் சண்டையை நிறுத்திவிடும். ஒவ்வொன்றையும் மேட்ச் பார்த்துப் பார்த்து அடுக்கிய போர்வையைவிட, ஒன்றிரண்டு பொருந்தாத துண்டு துணிச்சலாக உட்கார்ந்திருக்கும் போர்வைதான் எனக்குப் பிடிக்கும்.

பார்டர் அலை அலையாக நெளிகிறது

பார்டர் பட்டியை நீளமாக வைத்துக்கொண்டு, ஓரத்தோடு ஓட்டித் தைத்து, மிச்சத்தைக் கடைசியில் வெட்டினீர்களா? அப்படியானால் நெளியத்தான் செய்யும். மேல்துணியின் ஓரம் அத்தனை தையலோடும் அத்தனை குறுக்கு வாட்டத்தோடும் நடுப்பகுதியைவிட நீண்டுதான் இருக்கும். மிஷினும் கீழ் அடுக்கை வேகமாக, மேல் அடுக்கை மெதுவாக நகர்த்தும். பட்டி ஓரத்தின் அளவுக்கு நீண்டுகொண்டே போகும்.

மேல்துணியை விரித்து, ஓரத்தில் அளக்காமல் நடுவிலும் அதன் இரு பக்கமும் மூன்று இடத்தில் அளந்து, சராசரி எடுங்கள். இரண்டு பட்டியையும் அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். இரு முனை, நடு, கால் பங்கு இடங்கள் எனக் குண்டூசி குத்தி, மிச்சம் தொய்யும் துணியை இடையிடையே பகிர்ந்து விடுங்கள். எந்தப் பக்கம் துணி அதிகமோ அதைக் கீழே வைத்துத் தைத்தால் மிஷினின் பற்களே அதைச் சேர்த்து இழுத்துக்கொள்ளும். முன்பு நமக்கு எதிராக இருந்த அதே குணம் இப்போது உதவுகிறது.

நெளிவு லேசாக இருந்தால் குவில்ட் தையலில் அடங்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஓரத்தைக் கையால் தட்டினால் தட்டையாகப் படிந்து நிற்கிற அளவு நெளிவு அடங்கும். தட்டிய இடம் படிந்து பக்கத்தில் எழும்பினால் அடங்காது, மடிப்பாகத்தான் முடியும். பட்டியைப் பிரித்துவிடுங்கள்.

திருப்பிப் பார்த்தால் அடித்துணி மடிந்து தைபட்டிருக்கிறது

மேலே எல்லாம் ஒழுங்கு. திருப்பினால், இரண்டு குவில்ட் வரி குறுக்காகச் சந்திக்கும் இடத்தில் அடித்துணி ஒரு சின்ன நாக்காக மடிந்து மாட்டிக்கொண்டிருக்கிறது. முதலில் போட்ட வரி துணியை அங்கே பூட்டிவிட்டது. இரண்டாவது வரி தொய்வைத் தன் முன்னால் தள்ளிக்கொண்டே வந்தது, பூட்டிய இடம் வந்ததும் போக வழியில்லாமல் மடிந்துவிட்டது. ஆகவே தேட வேண்டியது அந்தத் தொய்வு எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

மூன்று அடுக்கை விரிக்கும் விதத்தில் இருக்கிறது விஷயம். அடித்துணி எல்லாப் பக்கமும் மூன்று நான்கு அங்குலம் பெரிதாக இருக்கட்டும். நல்ல பக்கம் கீழே பார்க்கும்படி தரையிலோ பெரிய மேசையிலோ விரித்து, ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். முதலில் எதிரெதிர்ப் பக்கங்களின் நடு, கடைசியில் மூலைகள். சுருக்கம் போகிற அளவு இழுத்தால் போதும். முறுக்கி இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் துணி பழைய அளவுக்கு ஓடிவரும், அப்போது மேல்துணி சுருங்கும். அதன் மேல் பேட்டிங்கை விரித்து நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவுங்கள். பேட்டிங்கை மடித்துக் கட்டியிருந்தால் முந்தின நாளே பிரித்துப் பரப்பி வைப்பது நல்லது, மடிப்புத் தடம் தானே தளரும். அப்புறம் மேல்துணி. சேஃப்டி பின்கள் நான்கு அங்குலத்துக்கு ஒன்று, அதாவது விரித்த உள்ளங்கையை எங்கே வைத்தாலும் ஒரு பின்னாவது கைக்கு அடியில் வர வேண்டும். ஊக்குக் குத்துவது அலுப்பான வேலைதான். ஆனால் இதில் மிச்சம் பிடிக்கும் அரை மணி நேரம் பின்னால் வட்டியோடு போகும்.

தைக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். நேர்கோட்டுத் தையலுக்கு, மேல் அடுக்கையும் சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் இருந்தால் பாதித் தொல்லை தீரும். போர்வையின் பாரம் மேசையிலிருந்து கீழே தொங்காமல் ஒரு நாற்காலியில் தாங்கி வையுங்கள். தொங்கும் பாரம் துணியைப் பின்னுக்கு இழுக்கும், வரி வளையும், மடிப்பும் விழும்.

விழுந்துவிட்ட மடிப்பை எடுக்க முழு வரியையும் பிரிக்கத் தேவையில்லை. மடிப்புக்கு இரு பக்கமும் மூன்று அங்குலம் மட்டும், அடித்துணிப் பக்கத்து நூலை நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்து, மேல்பக்க நூலை ஒரே இழுப்பாக உருவுங்கள். மடிப்பை விரல்நுனியால் இரு பக்கமும் பரப்பி, குண்டூசி குத்தி, பழைய துளைகளின் மேலேயே மறுபடி தையுங்கள். ஒரு சின்ன மடிப்பு, அதுவும் பூப்போட்ட அடித்துணியில் என்றால், விட்டுவிடலாம். துவைத்து மூன்று அடுக்கும் சுருங்கி நொறுங்கல் (பொடிச் சுருக்கம்) விழுந்த பிறகு நீங்களே தேடினாலும் கிடைக்காது. ஆனால் வெறும் துணியில் அரை அங்குலத்துக்கு மேல் மாட்டிய மடிப்பு என்றைக்கும் தெரியும்.

நூல் அறுகிறது, தையல் விடுகிறது, கீழே நூல் கொத்தாகச் சேர்கிறது

ஊசியை மாற்றுங்கள். ஊசி பார்க்க நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில் வராது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுக் கணக்கு. துணியில் இறங்கும்போது டப் டப் என்று சத்தம் வந்தால் முனை மழுங்கிவிட்டது. கட்டங்களைச் சேர்க்க 80/12 எண் ஊசி, மூன்று அடுக்கையும் தைக்க 90/14.

கீழ்ப்பக்கம் நூல் குவிந்தால் கீழ் நூல் சுற்றிய பாபினைத் திட்டத் தோன்றும், குற்றவாளி அநேகமாக மேல் நூல்தான். துணியை அமுக்கிப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முழுக்க எடுத்துவிட்டு மறுபடி கோர்த்துவிடுங்கள். ஃபுட் இறங்கியிருக்கும்போது கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே போகாமல் வெளியே வழுக்கும். தொடக்கத்தில் மட்டும் கொத்து விழுந்தால், பாபின் நூலை மேலே இழுத்து, இரண்டு நூல் முனையையும் பிடித்துக்கொண்டு முதல் சில தையல் போடுங்கள். துணியைக் கையால் நகர்த்தி வளைவு தைக்கும்போது, வளைவுகளில் மட்டும் கீழே சின்னச் சின்னக் கண்ணியாக நூல் நீண்டிருந்தால் வளைவில் கை முந்துகிறது. கை மெதுவாக, ஊசி வேகமாக. எது மாற்றினாலும் முதலில் துண்டுத் துணியில் அதே பேட்டிங் வைத்துத் தைத்துப் பாருங்கள்.

கையால் தைப்பவர்களுக்கு நூல் சிக்குவது நீளத்தால். 18 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கைக் குவில்ட்டுக்கென்று மெழுகுப் பளபளப்போடு வரும் நூலை மிஷினில் போடாதீர்கள், டென்ஷன் தட்டில் பிசின் படியும்.

துணியில் முளைத்தாற்போல் பஞ்சு வெளியே வருகிறது

பாலியஸ்டர் பேட்டிங்கும் இளகலாக நெய்த துணியும் சேர்ந்தால் இது வரும். கறுப்பு மேல்துணியில் வெள்ளை ரோமமாகத் தெரியும். பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால் பின்னாலேயே இன்னும் வரும். துணியோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள், அல்லது துணியைச் சற்று மேலே கிள்ளித் தூக்கினால் இழை உள்ளே போய்விடும். அடர் நிறப் போர்வைக்கு அடர் நிற பேட்டிங் கிடைத்தால் அதுவே நிரந்தரத் தீர்வு. துளை பெரிதாக விழாதபடி ஊசியும் அளவாக இருக்கட்டும்.

பஞ்சு வெளியே வராமல் உள்ளேயே உருண்டு திரண்டால் குவில்ட் வரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். எத்தனை அங்குலத்துக்குள் தைக்க வேண்டும் என்று பேட்டிங் உறையிலேயே போட்டிருக்கும். நான்கு முதல் பத்து அங்குலம் வரை ரகத்துக்கு ரகம் மாறும்.

பைண்டிங் மூலை உருண்டையாகிறது, உள்ளே காலியாக இருக்கிறது

நேரான ஓரமுள்ள போர்வைக்கு இரண்டரை அங்குலப் பட்டியை நேர் வாட்டத்தில் வெட்டி, நீளவாக்கில் இரண்டாக மடித்து வைப்பது தாங்கும். வளைந்த ஓரத்துக்கு மட்டும் கிராஸ் பட்டி. சுற்றளவோடு 10 அங்குலம் கூட்டித் தயார் செய்யுங்கள்.

மூலையில் தையலை ஓரம் வரை ஓட்டினால் மூலை வராது. கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, நூலை அறுத்து, பட்டியை மேல்நோக்கிச் சாய்த்து மடியுங்கள். சாய்ந்த மடிப்பு மூலைக்குக் குறுக்கே 45 பாகையில் படியும். பிறகு பட்டியைக் கீழே இறக்குங்கள், இறக்கிய மடிப்பு போர்வையின் மேல் ஓரத்தோடு சமமாக நிற்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே தையலைத் தொடங்கலாம். திருப்பும்போது முனை கூர்மையாக எழும்பும். மூலை பருத்திருக்கிறது என்று உள்ளே துணியை வெட்டிக் குறைப்பதுதான் பெரும்பாலும் உருண்டை மூலைக்குக் காரணம்.

பட்டியை விரலால் அமுக்கினால் சப்பையாக இருக்கிறதா? பேட்டிங்கை ஓரத்தில் அதிகமாக வெட்டி எடுத்துவிட்டீர்கள். காலியான ஓரம் சீக்கிரம் தேயும். பட்டி சாய்வாக முறுக்கினாற்போல் தெரிந்தால், பின்பக்கம் திருப்பித் தைக்கும்போது பட்டியை நீளவாக்கில் இழுத்திருக்கிறீர்கள். நேராக மேலே தூக்கி மடித்து, ஊக்குப் போட்டுத் தைத்தால் போய்விடும்.

துவைத்ததும் சாயம் ஓடிவிட்டது

சிவப்பு வெள்ளையில் ஏறி நிற்கிறது. இப்போது செய்யக் கூடாதது ஒன்றுதான்: காயவைக்காதீர்கள். வெயில், டிரையர், இஸ்திரி எதுவும் வேண்டாம். ஈரமாக இருக்கும்வரை அது ஓடி வந்து ஒதுங்கிய சாயம். காய்ந்து சூடும் பட்டால் கறையாகிவிடும்.

பெரிய தொட்டியில் நல்ல சுடுதண்ணீர் நிறைத்து, திரவ சோப்பைத் தாராளமாகக் கரைத்து, போர்வை முழுதும் மூழ்கும்படி அமிழ்த்தி, ஓர் இரவு விடுங்கள். தண்ணீர் ஏராளமாக இருக்க வேண்டும், போர்வை மேலே எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியே வரும் சாயத்தைச் சோப்பு தண்ணீரிலேயே மிதக்கவைக்கும், மறுபடி துணியில் உட்கார விடாது. காலையில் தண்ணீர் நிறமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி புதுத் தண்ணீர், புதுச் சோப்பு. தண்ணீர் தெளியும்வரை இதேதான். கம்பளி பேட்டிங்கோ பட்டுத் துண்டோ இருந்தால் சுடுதண்ணீர் ஆகாது, அவற்றுக்கு வெதுவெதுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். பருத்திக்கு அது உதவாது. வினிகர் போன்ற புளிப்பு கம்பளிக்கும் பட்டுக்கும் போடும் ஒருவகைச் சாயத்துக்கு வேண்டியது. உப்பு சாயமிடும் தொட்டியில் சாயத்தை இழைக்குள் தள்ளப் பயன்படுவது. சாயமிட்டு முடிந்து வீட்டுக்கு வந்த துணியில் அவற்றுக்கு வேலை இல்லை. அதற்குப் பதில் தைக்கும் முன்பே அழுத்தமான சிவப்பு, கருநீலம், ஊதா, கறுப்புத் துண்டுகளைச் சுடுசோப்புத் தண்ணீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். தடம் விட்டால் தனியே துவைத்துக்கொண்டே இருங்கள். நிற்காமல் விட்டுக்கொண்டே இருக்கும் துண்டு எவ்வளவு அழகானாலும் வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம்.

வரைந்த குறி போகவில்லை

தண்ணீரில் அழியும் நீலப் பேனாவுக்குச் சூடு ஆகாது. இஸ்திரி பட்டால் பழுப்பாக நின்றுவிடும். குறி இருக்கும்போதே இஸ்திரி போடாமல், வெறும் குளிர்ந்த தண்ணீரில் முழுக்க நனைத்து எடுங்கள். சூட்டில் மறையும் பேனா நேர்மாறு. இஸ்திரியில் மறையும், கடுங்குளிரில் திரும்பி வந்து நிற்கும். வெட்டி எறியும் ஓரங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

துவைத்தபின் சிறுத்து நொறுங்கலாகிவிட்டது

இது கோளாறே இல்லை. பருத்தி பேட்டிங் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது இயல்பு. 60 அங்குலப் போர்வையில் இரண்டு மூன்று அங்குலம். அந்த நொறுங்கலுக்காகவே துணியை முன்கூட்டித் துவைக்காமல் தைப்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம் என்றால் துணியை முன்பே துவைத்து, பாலியஸ்டர் பேட்டிங் போடுங்கள். சில துண்டுகளைத் துவைத்து சிலவற்றைத் துவைக்காமல் கலந்தால்தான் தொல்லை: கட்டத்துக்குள்ளேயே ஒன்று சுருங்கி ஒன்று தொய்யும். அதற்கு மருந்து இல்லை, தொய்ந்த இடத்தில் நெருக்கமாகக் குவில்ட் தையல் போட்டு அடக்கலாம்.

பல வருஷம் கழித்து ஒரு துண்டு மட்டும் நைந்துவிட்டது

பழைய சட்டையிலிருந்து வந்த துண்டு முதலில் போகும். ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்து வந்தது அது. தையல் விட்டிருந்தால் மறைதையலில் மூடினால் போதும். துணியே நைந்திருந்தால் அதைப் பிரித்து எடுக்க முயலாதீர்கள், சுற்றியுள்ள குவில்ட் தையலும் கூடவே வரும். நைந்த துண்டைவிட எல்லாப் பக்கமும் கால் அங்குலம் பெரிதாகப் புதுத் துணி வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பழையதன் மேலேயே வைத்து, மடிப்பு விளிம்பைப் பழைய இணைப்புத் தையல் வரியின் மேல் உட்காரவைத்துக் கையால் ஹெம்மிங் போடுங்கள். புதுத் துணியை முன்பே துவைத்துச் சுருக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த துவைப்பில் அது சுருங்கி, சுற்றியுள்ள பழைய துண்டுகளை இழுத்துக் கிழிக்கும். ஒட்டி முடித்ததும் அதன் மேலும் பழைய குவில்ட் வரிகளைத் தொடர்ந்து போடுங்கள். அப்போதுதான் அது பஞ்சோடு பிடித்து நிற்கும்.